போணி கீழ்வீட்டுக்குப் போன மாதம்

1. புரட்டாசி பிறந்ததும் என் கணவர் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் உற்பத்தியை நிறுத்தினார்கள். அந்த மாதச் சம்பளம் தள்ளிப் போகும் என்று சொல்லிவிட்டார்கள்.

2. என் ஒருத்தி சம்பளத்தில் மாதத்தை ஓட்டுவது என்று முடிவு செய்தோம்.

3. மாடியில் தனி அடுப்பு எதற்கு, பழையபடி கீழேயே சாப்பிடுங்கள் என்றார் மாமியார். நான் மறுத்தேன்.

4. அப்படியானால் இந்த ஒரு மாதம் யாரிடமும் கை நீட்டாமல் ஓட்டிக் காட்டு, முடியாவிட்டால் மறுபேச்சில்லாமல் கீழே வந்துவிட வேண்டும் என்றார். சரி என்றேன்.

5. தேவை, தேவையில்லை என்று செலவுகளைப் பிரித்தேன். மீன் தேவையில்லாத பக்கம் போனது.

6. மீன்காரம்மா போணியை என்னிடமிருந்து எடுத்து என் ஓரகத்திக்குக் கொடுத்துவிட்டார்.

முதல் ஐந்தும் நான் எதிர்பார்த்தவை, அல்லது நானே செய்தவை. ஆறாவதை நான் எதிர்பார்க்கவில்லை. அந்த மாதத்தைப் பற்றி யாராவது கேட்டால் சிக்கனத்தைப் பற்றித்தான் பேசுவேன். ஆனால் என் மனம் முழுக்க ஆறாவதில்தான் இருந்தது.

எங்கள் வீடு காரைக்கால் டவுனில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. கீழே மாமியார், கணவரின் அண்ணன், அண்ணனின் மனைவி. மாடியில் நாங்கள் இருவர். மாடிக்கு வெளிப்பக்கமாகப் படி. கல்யாணமாகி இரண்டு வருஷம் எல்லோருக்கும் கீழேதான் சமையல். நான் இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்தவள். ஆலைகளில் இருக்கும் அழுத்தமானிகளும் வெப்பமானிகளும் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதித்துச் சான்று தரும் ஒரு சிறிய கம்பெனியில் வேலை. நாள் முழுக்க மற்றவர்களின் மீட்டர்களைச் சரிபார்த்துவிட்டு வந்து, சாயங்காலம் மற்றவர் சமையலறையில் உப்பு எங்கே என்று கேட்டுக்கொண்டு நிற்பது எனக்குப் பிடிக்கவில்லை. போன சித்திரையில்தான் மாடியில் அடுப்பு வைத்தோம். அதற்கு என் கணவர் அவர் அம்மாவிடம் பல நாள் பேச வேண்டியிருந்தது. அந்த அடுப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளத்தான் அந்த மாதம் அவ்வளவு பாடுபட்டேன்.

போணி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். மீன்காரம்மா காரைக்கால்மேட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்குவார். தலையில் அன்னக்கூடையோடு எங்கள் சந்துக்குள் நுழைந்தால் முதல் வீடு எங்களுடையதுதான். அன்றைய முதல் விற்பனை நல்ல கையிலிருந்து வர வேண்டும் என்பது அவருக்கு முக்கியம். நான் கல்யாணமாகி வந்த புதிதில், வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், ஒருநாள் நானே காசைக் கொடுத்துவிட்டேன். அன்று கூடை சீக்கிரம் காலியாகிவிட்டது போலிருக்கிறது. மறுநாளிலிருந்து அவருக்கு என் கைதான் வேண்டும். மீனைப் பார்த்து எடுப்பது, செவுளைத் தூக்கிப் பார்ப்பது, விலை பேசுவது எல்லாம் ஓரகத்தி. காசு மட்டும் என் கையால் போக வேண்டும். "மாடிப் பாப்பாவைக் கூப்பிடு" என்று படியடியில் நின்று சத்தம் போடுவார். நான் தலையைப் பின்னிக்கொண்டே இறங்கி வருவேன். வாங்கிய நோட்டைக் கண்ணில் ஒற்றி, கூடை விளிம்பைச் சுற்றி ஒருமுறை தடவி, இடுப்புப் பையில் செருகுவார்.

கைராசியில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்த வீட்டில் எல்லாமே எனக்கு முன்பே யாருக்கோ சொந்தமாக இருந்தது. பாத்திரம் கழுவும் இடத்தில்கூட ஓரகத்திக்கென்று ஒரு பக்கம் இருந்தது. எனக்கென்று இருந்தது அந்தப் போணி ஒன்றுதான்.

மீனை நிறுத்தியபோது நான் மிகச் சாமர்த்தியமாக யோசித்ததாக நினைத்துக்கொண்டேன். புரட்டாசியில் பாதி ஊர் சைவம். விரதம் என்று சொன்னால் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள், சம்பள விஷயம் தெருவுக்குப் போகாது. பூ, பேக்கரி, கடற்கரைச் சுண்டல், பார்லர், படம் பார்க்கக் கட்டும் மாதச் சந்தா எல்லாவற்றோடும் மீனும் போனது. பாலைக் குறைத்தேன். காப்பி போய் டீ வந்தது. அரிசி, அம்பகரத்தூரிலிருந்து அப்பா முன்பே அனுப்பிய மூட்டையில் பாதிக்கு மேல் இருந்தது.

"இந்த மாசம் வேணாம்மா. புரட்டாசி. சைவம்" என்று படியில் நின்று சொன்னேன்.

மீன்காரம்மா கூடையை இறக்காமலே என்னை நிமிர்ந்து பார்த்தார். "போன புரட்டாசியில கெளுத்தி மீன் முள்ளைத் துப்புனியே, அந்தப் பெருமாள் வேற பெருமாளா?"

எங்கள் வீட்டில் புரட்டாசிச் சனிக்கிழமை மட்டும்தான் சைவம். அது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

"சரி, உன் விருப்பம். நான் பொழைக்கணும்ல" என்றவர், கீழ்வீட்டு வாசலுக்குத் திரும்பி, "ஏத்தா, நீ வா. இன்னிக்கு உன் கையால போணி பண்ணு" என்றார்.

ஓரகத்தி ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தார். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிடச் சில வயது மூத்தவர். சத்தமாகச் சிரிப்பவர்.

"இந்தக் கிழங்கானைப் பாரு. கண்ணு உன்னையே பாக்குது."

"என்னையா பாக்குது? நீ சொன்ன விலையைக் கேட்டு முழிக்குது."

"போணி நேரத்துல வாயாடாத. காசை எடு."

"போன்ல அனுப்பட்டா?"

"அதெல்லாம் அடுத்த வீட்டுலேருந்து. போணிக்குக் காசுதான்."

நான் மாடிக் கைப்பிடிச் சுவரில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நோட்டு கண்ணுக்குப் போனது. கூடையைச் சுற்றியது. இடுப்புக்குப் போனது. எனக்குச் செய்ததைப் போலவே, ஒன்றும் குறையாமல். கொஞ்சமாவது தயங்குவார் என்று எதிர்பார்த்திருந்தேன் போலிருக்கிறது.

அக்கா கையால் வியாபாரம் ஓடவில்லை என்றால் அவர் திரும்ப என்னிடம்தானே வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். ஓடியது. அடுத்த சில நாட்களில் திரும்பிப் போகும்போது காலிக் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு எங்கள் வாசலில் நின்று சொல்லிவிட்டே போக ஆரம்பித்தார். "ஏத்தா, இந்தக் கையை இத்தனை வருசமா எங்க ஒளிச்சு வச்சிருந்த?" அக்கா சிரிக்கும் சத்தம் மாடிவரை வந்தது.

நான் காரணத்தைக் கண்டுபிடித்தேன். புரட்டாசி என்பதால் மற்ற மீன்காரிகள் பாதிப் பேர் தெருப்பக்கம் வருவதில்லை. பள்ளிவாசல் தெருவில் இருப்பவர்களுக்குப் புரட்டாசி கிடையாது, அவர்கள் எப்போதும்போல் வாங்குகிறார்கள். விற்பவர் குறைந்து, வாங்குபவர் அந்த அளவு குறையாவிட்டால் கூடை காலியாகத்தான் செய்யும். இதைக் கணவரிடம் விளக்கினேன்.

"சரி. இதை ஏன் என்கிட்ட சொல்ற?" என்றார்.

"கைராசி எல்லாம் இல்லேன்னு சொல்றேன்."

"அதான் நீ எப்பவுமே சொல்வியே."

என் கை ஓடியதற்கும் ஏதோ ஒரு காரணம் இருந்திருக்கும். அதை நான் ஒருநாளும் தேடியதில்லை.

கணவர் விஷயமும் சேர்ந்துகொண்டது. ஆலையில் பராமரிப்பு வேலைக்கு வாரத்தில் சில நாள்தான் கூப்பிட்டார்கள். மற்ற நாள் வீட்டில். கீழே அக்கா மண்சட்டியில் மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தால் வாசனை நேராகப் படி வழியே மேலே வரும். இவர் இறங்கும் சத்தம் கேட்கும். கடைசிப் படியில் செருப்புச் சத்தம் நிற்கும். கொஞ்ச நேரம் கழித்து ஏறி வருவார். நான் வைத்த மோர்க்குழம்பை மரியாதையாகப் பிசைந்து, மரியாதையாகக் கொஞ்சம் சாப்பிடுவார்.

"கீழ சாப்பிட்டீங்களா?"

"ருசி பாக்கச் சொன்னாங்க."

"எத்தனை துண்டு ருசி பாத்தீங்க?"

"இதுக்கும் லிஸ்ட் போடப் போறியா?" என்று எழுந்து கை கழுவப் போனார்.

சண்டை போட எனக்கு வராது. மறுநாள் பருப்புத் துவையலில் பூண்டை இரண்டு மடங்காக்கினேன். மீன் வாசனைக்கு எதிராகப் பூண்டு ஒன்றும் செய்ய முடியவில்லை. அக்கா என் போணியையும் எடுத்துக்கொண்டார், என் புருஷனின் பசியையும் எடுத்துக்கொண்டார் என்று தோன்றியது. படியில் எதிர்ப்பட்டால் சிரிப்பேன். சிரித்துவிட்டு மேலே வந்து, அவர் வீட்டுச் செலவை மனதுக்குள் தேவை, தேவையில்லை என்று பிரிப்பேன். எல்லாவற்றையும் தேவையில்லாத பக்கம் போடுவேன்.

மாதத்தின் கடைசி சனிக்கிழமை காலை அடுப்பு அணைந்தது. அரிசி பாதி வெந்திருந்தது. ரெகுலேட்டரைத் திருப்பிப் பார்த்தேன். சிலிண்டரை ஆட்டிப் பார்த்தேன். காலி.

தப்பு எங்கே என்று உடனே புரிந்தது. ஒரு மாதத்தில் என்னென்ன செலவு என்றுதான் யோசித்திருந்தேன். எங்கள் இருவருக்குச் சிலிண்டர் ஒன்றரை மாதம் வரும். போன மாதம் வாங்கவில்லை என்பதால் மாதச் செலவை நினைத்தபோது அது நினைவிலேயே வரவில்லை. தீப்பெட்டியை மறக்கவில்லை, சிலிண்டரை மறந்துவிட்டேன். கையிலிருந்தது ஒரு வாரத்துக்குப் பாலும் காய்கறியும் பஸ்ஸும் போக மிச்சமில்லாத பணம். வாங்க வேண்டுமென்றால் யாரிடமாவது கேட்க வேண்டும். கேட்டால் அடுப்பு போய்விடும்.

மாமியாரைப் பெருமாள் கோயிலுக்குக் கணவர் வண்டியில் கூட்டிப் போயிருந்தார். பாதி வெந்த அரிசிப் பானையை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தபோது அக்கா மேலே வந்தார். துணி காயப்போட வந்தவர் பானையைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார்.

"தீந்துடுச்சா?"

நான் பானையை மூடினேன்.

"வாய் தொறந்து சொல்லேன். நான் என்ன கலெக்டரா?"

"தீந்துடுச்சுக்கா. பரவால்ல. அத்தை வந்ததும் சொல்லிடுறேன். கீழயே வந்துடுறோம்."

அக்கா ஈரத்துணி வாளியை டக்கென்று கீழே வைத்தார். "என்னது, வந்துடுறியா? ஏன்டி, உனக்கு மூளை இருக்கா?"

நான் அவரையே பார்த்தேன்.

"நீ பாட்டுக்குக் கீழ வந்துடுவ. காலைல பையை மாட்டிக்கிட்டுப் போயிடுவ. அஞ்சு பேருக்கும் ஆக்கிக் கொட்டுறது யாரு? ரெண்டு வருசம் ஆக்கினேன்ல. சித்திரைலேருந்துதான் மத்தியானம் கொஞ்சம் காலை நீட்டிப் படுக்குறேன். அதுல மண்ணைப் போடாத. வா, ஒரு கை பிடி."

கீழே அவருடைய இரண்டாவது சிலிண்டர் முழுசாக இருந்தது. இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் படிப்படியாக ஏற்றினோம். பாதிப் படியில் இறக்கி வைத்து மூச்சு வாங்கினோம்.

"யாருகிட்டயும் கை நீட்டக் கூடாதுன்னு அத்தை சொன்னாங்களே" என்றேன்.

"நீ நீட்டலையே. நான்தான் தூக்கிட்டு வரேன்." பிறகு, "உன் புருசனை வேற கொஞ்சம் கட்டிப் போடு. தினம் வந்து சட்டியைத் தொறந்து நிக்கிறாரு. நல்ல துண்டு எல்லாம் கொழுந்தனாருக்கே போவுது, உங்க மூத்தாரு என்னைத் திட்டுறாரு" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா சிரிக்கவில்லை. மாடிக் கதவில் தொங்கிய பூட்டைப் பார்த்தார்.

"பூட்டிட்டுப் போற பாரு, தினம். அந்தச் சத்தம் கீழ கேக்கும். சாவியைப் பைக்குள்ள போட்டுட்டு இறங்குவ. எனக்கு வயித்தெரிச்சலா இருக்கும்" என்றார். "பூட்டிட்டுப் போற மாதிரி எனக்கு என்ன இருக்கு, சொல்லு. சரி, பிடி, பிடி. அத்தை வந்துடுவாங்க."

நான் பிடித்தேன். அவர் என்னைப் பார்த்து வயிறெரிந்திருக்கிறார் என்பதில் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. ஆனால் போணி விஷயத்தில் ஆறுதல் ஒன்றும் வரவில்லை. இரண்டும் வேறு வேறு என்று அப்போதுதான் தெரிந்தது.

மாதம் முடிந்ததும் மாமியார் கேட்டார். "ஓட்டிட்டியா?"

"ஓட்டிட்டேன் அத்தை."

அக்கா அரிவாள்மணையில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"அப்புறம் என்ன, தனியாவே இருங்க" என்று சொல்லிவிட்டு மாமியார் டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஐப்பசி பிறந்ததும் கையில் காசோடு படியிறங்கிப் போய் மீன்காரம்மா முன்னால் நின்றேன். கூடை நிறைய மத்தி. என் நோட்டை வாங்காமல் என்னைத் தாண்டி உள்ளே பார்த்து, "ஏத்தா, வா" என்றார்.

"நான் குடுக்குறேனேம்மா" என்றேன்.

"நீ அடுத்தாப்புல குடு பாப்பா. ஓடுற கையை ஏன் மாத்தணும்?"

இப்போது கணவரின் சம்பளம் வந்துவிட்டது. மாடியில் தனி அடுப்பு எரிகிறது. அக்காவின் சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கணவர் பெரும்பாலும் மேலே சாப்பிடுகிறார். போணி கீழ்வீட்டில்தான் இருக்கிறது. நான் இரண்டாவதாக வாங்குகிறேன். எனக்கு இன்னும் பொறாமையாகத்தான் இருக்கிறது.