அறுபத்தெட்டா, எண்பத்தொன்பதா

வெர்லின் நேப்பியரைப் பற்றிக் கேட்டால் எங்கள் கத்திச் சங்கத்தில் யாரும் முதலில் அவனுடைய எண்ணைத்தான் சொல்வார்கள். அறுபத்தெட்டு. வருடத்துக்கு ஒரு மடக்குக்கத்தி செய்வித்து, எண் பொறித்து, உறுப்பினர்களுக்குக் கொடுப்பது சங்கத்தின் வழக்கம். அவரவர் எண் அவரவருக்கு. ஒரு வருடம் வாங்காமல் விட்டால் போச்சு, காத்திருக்கும் எவனுக்காவது போய்விடும். வெர்லின் விட்டதே இல்லை. நிலக்கரிச் சுரங்கத்தை மூடி அவனை வீட்டுக்கு அனுப்பிய வருடமும் வாங்கினான். மனைவி மெர்லீன் அவனை விட்டுப் போன வருடமும் வாங்கினான். ஏன்டா இந்தப் பைத்தியம் என்று கேட்டதற்கு, "வேற எதுடா எனக்கு விடாம வந்துச்சு?" என்றான்.

வாங்கியதை உபயோகிப்பான் என்கிறீர்களா? மூச்! கையைக் கழுவி, பருத்தி உறை மாட்டிக்கொண்டு, எண்ணெய் தடவி, இழுப்பறையில் வரிசையாக வைப்பான். அவ்வளவுதான்.

ஹோபர்ட் கோம்ஸ் இதற்கு நேர் எதிர். அவருடைய எண் எண்பத்தொன்பது. புதுக்கத்தியை அன்றைக்கே சாணைக்கல்லில் தேய்த்து, கண்டதையும் வெட்டுவார். ஒருமுறை கூட்டத்தில் எல்லோர் முன்னாலும், "நம்பர மாட்டுக்குப் போடுவான், ஜெயில்ல இருக்கறவனுக்குப் போடுவான். கத்திக்கு எதுக்குய்யா?" என்று கேட்டுவிட்டார். வெர்லினுக்கு முகம் செத்துப்போயிற்று. அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

இந்த வருடம் எண்ணைப் பொறிக்கும் இடத்தையே மாற்றினோம். அலகில் பொறித்தால் அந்தக் கோட்டில் துரு ஏறுகிறது என்று சண்டை பிடித்து மாற்ற வைத்தவனே வெர்லின்தான். எலும்புப் பிடியில் பதித்த வட்டத் தகட்டில் போட்டால் அழகாக இருக்கும் என்றான். சரி, தொலையட்டும் என்று எல்லோரும் கையைத் தூக்கினோம்.

சனிக்கிழமை காலை தீயணைப்பு நிலையத்துக் கூடத்தில் கத்திகளைக் கொடுத்தார்கள். வெர்லின் வழக்கம்போல் பெட்டியைத் திறக்காமல் வீட்டுக்குக் கொண்டு போனான். மதியம் எனக்குப் போன் வந்தது. குரல் அவனுடையதாகவே இல்லை.

"டேய், எனக்கு எண்பத்தொன்பது வந்திருக்குடா."

"அப்போ உன்னோடது?"

"அந்தாளுகிட்ட இருக்கு. இந்நேரம் கல்லுல வெச்சிருப்பாரு. வண்டிய எடுடா, உனக்குப் புண்ணியமாப் போகும்."

வழி முழுக்க அவனுடைய தொல்லை தாங்க முடியவில்லை. வளைவில் மெதுவாகப் போனால் ஏன் உருட்டுகிறாய் என்றான், வேகமாகப் போனால் தன் பெட்டி ஆடுகிறது என்றான். "போன் பண்ணி நிறுத்தச் சொல்லேன்டா" என்றேன். "நான் சொன்னா வேணும்னே வெட்டுவாரு" என்றான். பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டே வந்தான். எரிச்சலாகத்தான் வந்தது, ஆனாலும் வண்டியை விரட்டினேன்.

ஹோபர்ட்டின் சமையலறையில் அடுப்பில் பீன்ஸ் கொதித்துக்கொண்டிருந்தது. மனுஷன் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். புதுக்கத்தியால்தான்.

வெர்லின் வாசற்படியிலேயே நின்றுவிட்டான். நான்தான் விஷயத்தைச் சொன்னேன்.

"என்னய்யா உளர்றீங்க? எண்பத்தொன்பதுதான் எங்கிட்ட இருக்கு, பாரு" என்று ஹோபர்ட் பிடியைக் காட்டினார். ஆமாம், எண்பத்தொன்பதுதான். வெர்லின் தன் பெட்டியைத் திறந்தான். அதிலும் எண்பத்தொன்பது. எனக்குத் தலை சுற்றியது. அவன் கையிலிருந்ததைத் தற்செயலாகத் திருப்பினேன். அறுபத்தெட்டு!

வட்டத் தகட்டுக்கு மேல் ஏது, கீழ் ஏது? அறுபத்தெட்டைத் தலைகீழாகப் பிடித்தால் எண்பத்தொன்பது. கொடுத்தவனும் குழம்பியிருக்கிறான், நாங்களும் குழம்பியிருக்கிறோம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "அட முட்டாப் பயலே, உன்னோடதுதான்டா இது! வா, போலாம்."

வெர்லின் சிரிக்கவில்லை. "உன் கத்திய எடு" என்றான்.

என் நாற்பத்தொன்று சட்டைப்பையில்தான் இருந்தது. ஏன்தான் எடுத்தேனோ! கீல் இடப்பக்கம் இருக்கும்படி மேசையில் வைத்தான். என் எண் நேராக நின்றது; எல்லாக் கத்தியிலும் எண்ணை ஒரே பக்கம் பார்த்துத்தானே பொறித்திருப்பார்கள். பெட்டியில் வந்ததை அதேபோல் வைத்தான். எண்பத்தொன்பது. ஹோபர்ட்டின் கத்தியை வாங்கி வைத்தான். வெங்காயச் சாறு வழிந்த அறுபத்தெட்டு. அலகு முழுக்கச் சாணைக்கல்லின் கீறல்.

ஹோபர்ட் தொண்டையைக் கனைத்தார். "தம்பி, அந்தப் புதுசையே வெச்சுக்க. திருப்பிப் பிடிச்சா உன் நம்பர்தானே. எவன் பாக்கப் போறான்?"

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. வெர்லின் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். கண் கலங்கிவிட்டது.

"தலைகீழாப் பிடிச்சாத்தான் என்னோடதுன்னா, அது என்னோடது இல்லண்ணே" என்றான். கீறல் விழுந்ததை எடுத்துக்கொண்டான்.

எடுத்தான், மடக்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஒருவர் திறந்த கத்தியை அவர்தான் மடக்க வேண்டும். இன்னொருவர் மடக்கினால் ஆகாது. வெர்லின் அதைத் திறந்தபடியே ஹோபர்ட்டிடம் நீட்டினான். "நீங்க திறந்தது. நீங்களே மூடிக் குடுங்க."

ஹோபர்ட் அலகைக் கழுவினார், துடைத்தார், சட்டை ஓரத்தால் இன்னொரு தரம் துடைத்தார். மெதுவாக மடக்கி அவன் உள்ளங்கையில் வைத்தார். "தெரியாமப் பண்ணிட்டேன்டா" என்றார்.

பிறகு தன்னுடைய புதுக்கத்தியைத் திறந்தார். பாதி வெங்காயம் பலகையில் இருந்தது. வெர்லின் பதறிப்போனான்.

"அண்ணே, நான் போனப்புறம் வெட்டுங்கண்ணே. என்னால பாக்க முடியாது."

"சரி, போ" என்றார் ஹோபர்ட். நான் வண்டியைக் கிளப்பும்வரை, வெங்காயத்தை ஒரு கையிலும் கத்தியை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் அப்படியே நின்றார்.