அட்டையில் அம்மா சித்தியானாள்

ரேஷன் அட்டையைச் சரிபார்க்க வந்த அலுவலர் எங்கள் வாசலில் நின்று குடிக்கத் தண்ணீர் கேட்டார். வெயிலில் சட்டை அவர் முதுகோடு ஒட்டியிருந்தது. அம்மா சொம்பில் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்து முடித்து சொம்பைத் திருப்பிக் கொடுத்தவர், என் பக்கம் குனிந்து, "இவங்க உனக்கு யாரு பாப்பா?" என்று கேட்டார். எனக்கு அப்போது ஒன்பது வயது. "சித்தி" என்றேன். இரண்டு நாளாக வீட்டில் சொல்லிச் சொல்லிப் பழக்கிய பதில் அது.

திருவொற்றியூரில் ஒற்றை அறையும் அடுப்படியும் மட்டும் உள்ள வீடு எங்களுடையது. அப்பாவுக்கு இரண்டு மனைவிகள். ஊரறியத் தாலி கட்டிக்கொண்டவள் பெரியம்மா. பத்து வருடம் அவளுக்குப் பிள்ளை இல்லை. அதற்குப் பிறகு வந்தவள் அம்மா. முதல் வருடம் இருவரும் முகம் கொடுத்துப் பேசிக்கொண்டதே இல்லையாம். நான் பிறந்ததும் அம்மா ஜன்னி கண்டு படுத்துவிட, பெரியம்மாதான் என்னைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாளாம். அந்த ஒரு மாதத்தில் பேசாமல் இருந்ததெல்லாம் மறந்துபோயிற்று. எனக்குப் பின்னால் அம்மாவுக்குத் தம்பி பிறந்தான்.

அப்பா எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் இருந்தார். ஒருநாள் வேலையில் இருக்கும்போதே நெஞ்சுவலி வந்து இறந்துபோனார். மனைவிக்குக் கருணை அடிப்படையில் வேலை கிடைக்கும் என்றார்கள். இன்னொரு மனைவி இருப்பது தெரிந்தால் அந்த வேலை வருடக்கணக்கில் கிடப்பில் போய்விடும் என்றும் சொன்னார்கள். மீஞ்சூரிலிருந்து பெரியம்மாவின் அண்ணன் வந்தார். "வேலைய வாங்கிகினு எங்கூட வந்துடு. இவங்கள இன்னாத்துக்கு இழுத்துகினு கீற?" என்றார். பெரியம்மா அவருக்குச் சோறு போட்டாள். சாப்பிட்டு எழுந்தவருக்குக் கை கழுவத் தண்ணீர் ஊற்றும்போதுதான், "இவங்க இல்லாத வூட்ல நான் மட்டும் குந்திகினு இன்னா பண்றதுண்ணே?" என்றாள். அவர் அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

அப்படித்தான் புது அட்டை எழுதப்பட்டது. பெரியம்மா குடும்பத் தலைவி. நானும் தம்பியும் அவள் பெற்ற பிள்ளைகள். அம்மா, தலைவியின் கல்யாணமாகாத தங்கை. என்னைப் பெற்றவளுக்குக் காகிதத்தில் கணவனும் இல்லை, பிள்ளையும் இல்லை என்று ஆயிற்று.

அலுவலர் போன பிறகு அம்மா அடுப்படியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். "வுடுடி, நாம சொல்லிக் குடுத்ததத்தான சொல்லிச்சு" என்றாள் பெரியம்மா. "சொல்லும்போது கொஞ்சங்கூட திக்கலியேக்கா" என்றாள் அம்மா. நான் வாசலிலேயே நின்றிருந்தேன்.

பெரியம்மா அந்தத் தொழிற்சாலையின் கேன்டீனில் ஓய்வுபெறும்வரை வேலை பார்த்தாள். சாயங்காலம் அவள் திரும்பும்போது அம்மா வெந்நீர் வைத்திருப்பாள். மீன் குழம்பு வைத்த நாளில் நல்ல துண்டை யார் யாருக்கு வைப்பது என்று இருவருக்கும் சண்டை நடக்கும். பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட வேண்டிய நாளில் பெரியம்மா லீவு போட்டுவிட்டு வருவாள். அம்மாவும் கூடவே வருவாள், ஆனால் கேட்டுக்கு வெளியேதான் நிற்பாள்.

இன்று நான் ஒரு கல்லூரியில் சமூகவியல் நடத்துகிறேன். குடும்பம் என்றால் என்ன, அரசுத் திட்டங்கள் அதை எப்படி வரையறுக்கின்றன என்பதெல்லாம் என் பாடம். எங்காவது ஒரு கோடு போட்டாக வேண்டும், இல்லையென்றால் உதவி யாருக்கும் போய்ச் சேராது என்று மாணவர்களுக்குச் சொல்கிறேன். அதை நம்பித்தான் சொல்கிறேன், அந்த அட்டையில் வாங்கிய அரிசியைத் தின்று வளர்ந்தவள் நான். ஆனாலும் அந்தப் பாடம் நடத்தும் நாளில், கேட்டுக்கு வெளியே முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்ற அம்மா ஞாபகத்துக்கு வந்துவிடுகிறாள்.

அம்மா போன வருடம் இராயபுரத்தில் ஒரு மருத்துவமனையில் இறந்தாள். இறப்பைப் பதிய விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்த பெண், "அப்பா பேரா, கணவர் பேரா?" என்று கேட்டாள். ஆதாரில் தாத்தா பெயர்தான் இருந்தது. பழக்கத்தில் அதையே சொல்ல வாயெடுத்தேன். அதற்குள், என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்ற பெரியம்மா அப்பாவின் பெயரைச் சொல்லிவிட்டாள்.

"நீங்க அவங்களுக்கு யாரும்மா?"

"அவ எங்கூட்டுக்காரரோட சம்சாரம்."

"அப்ப நீங்க?"

"நானும்தாம்மா."

அந்தப் பெண் பேனாவை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஆதாரோடு ஒத்துப்போகாது, பின்னால் பிரமாணப் பத்திரம் கேட்பார்கள் என்றாள். "கேக்கட்டும், தர்றோம். நீ எழுதும்மா. இனிமே எவன் வந்து வேலைய புடுங்கப் போறான்?" என்றாள் பெரியம்மா.

அவள் எழுதினாள். பெரியம்மாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும், படிக்கத் தெரியாது. என்னைப் படித்துக் காட்டச் சொன்னாள். அம்மாவின் பெயரையும் அடுத்த வரியில் இருந்த அப்பாவின் பெயரையும் படித்தேன். கண்ணை மூடிக் கேட்டவள், "இன்னொரு தபா படி" என்றாள்.