ஆறாம் நம்பரில் ஒரு கமரா

எனக்குப் பத்து வயதானபோது, தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் அப்பாவும் நானும் மட்டுந்தான் மிஞ்சியிருந்தோம். வத்தேகமையிலிருந்து மேலே ஏறிவரும் பஸ் திரும்பும் இடத்தில் இறங்கி, இன்னும் கொஞ்ச தூரம் நடந்தால் வரும் லயம் அது. லயத்துக்குப் பின்னால் ஆறாம் நம்பர் மலை. கவ்வாத்து வெட்டாமல் விட்டதில் அங்கே தேயிலை ஆள் உயரத்தைத் தாண்டி மரமாகியிருந்தது. கொழுந்து எடுக்க யாரும் போவதில்லை. தோட்டத்துக்கு அது உதவாத மலை.

அந்த உதவாத மலையை ஒரு ட்ரஸ்ட் வாங்கியது. மலையின் இரண்டு பக்கமும் பழைய காடு இருந்தது. இந்தத் துண்டையும் காடாக விட்டுவிட்டால் மிருகங்கள் ஒரு காட்டிலிருந்து மற்றதற்குப் பயமில்லாமல் போய்வரும் என்பது அவர்களுடைய எண்ணம். மலையில் ஓடிய ஓடையோரமாக மரக்கன்றுகள் நட்டார்கள். லயத்துச் சனங்களை அவர்கள் யாரும் விரட்டவில்லை. அந்தச் சமயத்தில் பஸ் ரோட்டோரம் புதிய வீடுகள் கிடைத்ததால் ஒவ்வொரு குடும்பமாகத் தாங்களே இறங்கிப் போனார்கள். அங்கே வீட்டுக்குள்ளேயே குழாயில் தண்ணீர் வந்தது. எங்களுக்கும் ஒரு வீடு கிடைத்தது. ஆனால் ட்ரஸ்ட் அப்பாவைக் காணிக்குக் காவலாக வைத்ததால், வேலைக்கு வசதி என்று சொல்லி அவர் அதைப் பூட்டிப் போட்டுவிட்டு மேலேயே இருந்துவிட்டார்.

ஒரு காலத்தில் ஒரு காம்பராவுக்குள் ஆறேழு பேர் நெருக்கிப் படுத்த லயத்தில் இப்போது வரிசை முழுவதும் எனக்கு. கண்டியில் பெரிய ஹோட்டலில் தங்கும் வெள்ளைக்காரருக்குக்கூட அவ்வளவு இடம் கொடுத்திருக்க மாட்டார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் ஒவ்வொரு காம்பராவாகப் போய் எட்டிப் பார்ப்பேன். ஒன்றில் சுவரில் ஒட்டிய முருகன் கலண்டர் பழைய மாதத்தோடு தொங்கும். இன்னொன்றில் என் சிநேகிதி கரிக்கட்டியால் எழுதிய தன் பெயர் இருக்கும். கடைசிக் காம்பராவில் கோழி கிடந்த வாசம் மட்டும் போகவே இல்லை. ஓட்டில் மழை விழுந்தால் வரிசை முழுக்க ஒரே சத்தம். நடுவில் பேச்சுக் குரல் இல்லாததால் அது அத்தனை பெரிதாகக் கேட்டது என்று இப்போது தோன்றுகிறது.

அம்மா வெளிநாட்டில் இருந்தாள். எனக்கு ஆறு வயதாக இருக்கும்போது குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவள். முதலில் வெள்ளிக்கிழமை தவறாமல் போன் வரும். பிறகு எப்போதாவது வந்தது. பிறகு அப்பாவின் போன் அடித்தால் அது எனக்கான அழைப்பாக இருக்காது என்று பழகிப்போனது. கேட்டால் அப்பா, "அம்மாவுக்கு வேல கூடவாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு விறகு பிளக்கப் போய்விடுவார். எங்கள் வீட்டில் அந்த நாட்களில் விறகு எப்போதும் தேவைக்கு மேல் இருந்தது.

குவைத்து எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. வெளிநாடு என்றால் கண்டியைப் போல அதுவும் ஓர் ஊர், கொஞ்சம் தூரத்தில் இருக்கும் பெரிய ஊர் என்றுதான் நினைத்திருந்தேன்.

ட்ரஸ்டிலிருந்து எங்களிடம் அடிக்கடி வந்தவர் ஒரு முஸ்லிம் அக்கா. கட்டுகஸ்தோட்டைக்காரர். எல்லாரும் மிஸ் என்றுதான் கூப்பிட்டோம். ஒருநாள் அவர் ஓடைப் பக்கம் போனபோது நானும் கூடவே போனேன். கையடக்கமான பச்சைப் பெட்டிகளை மரங்களில் முழங்கால் உயரத்தில் பெல்ட் போட்டு இறுக்கிக் கொண்டிருந்தார்.

"இது என்னா மிஸ்?"

"கமரா மகள். முன்னால யாரு போனாலும் இது தானா படம் புடிக்கும். பக்கத்துல ஆள் நிக்கத் தேவல்ல."

"அந்தப் படத்த யாரு பாப்பாங்க?"

"முதல்ல எங்கட ஒபிஸ்ல பாப்போம். பொறகு வெளிநாட்டுக்கு அனுப்புவோம். அங்க உள்ளவங்களும் பாப்பாங்க."

மிஸ் பொய் சொல்லவில்லை. கேட்டவளின் வீட்டு நிலவரம் அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் நான் வீட்டுக்குப் போகவில்லை. புத்தகப் பையோடு நேரே ஓடைக்குப் போய், கொய்யா மரத்துக்கு எதிரே கட்டியிருந்த பெட்டிக்கு முன்னால் நின்றேன். பெட்டிக்குள்ளே சிவப்பாக ஒரு புள்ளி மினுங்கி அணைந்தது. சட்டைக் கொலரைச் சரிசெய்துகொண்டு இன்னொரு தடவை நின்றேன்.

அதன் பிறகு அது வழக்கமாகிவிட்டது. அப்பா மலையின் மறுபக்கத்தில் கன்று வளர்க்கும் பந்தலில் சாயந்திரம் வரைக்கும் வேலையாக இருப்பார். நான் அம்மாவுக்குக் காட்ட வேண்டியதை எல்லாம் ஓடைக்குக் கொண்டுபோனேன். நானாகவே பின்னிக்கொள்ளப் பழகிய இரட்டைப் பின்னலைத் திரும்பி நின்று காட்டினேன். விழுந்த பல்லை உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். ஓட்டப்போட்டியில் கிடைத்த ரிப்பனைச் சட்டையில் குத்திக்கொண்டு போனேன். அப்பா வாங்கித் தந்த புதுச் சப்பாத்தைக் காட்டுவதற்கு, பெட்டி முழங்கால் உயரத்தில் இருந்தது வசதியாகப் போனது. மழை நாட்களில், கொழுந்தெடுப்பவர்கள் இடுப்பில் கட்டும் படங்குத் துணியை முக்காடாகப் போட்டுக்கொண்டு நின்றேன். முகம் தெரியாதே என்று நடுவில் ஒருமுறை விலக்கி நனைந்தேன்.

பேசவும் செய்தேன். பெட்டிக்குக் காது இல்லை என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. "அம்மா, அப்பா கொழம்புல உப்பு கூடப் போடுறாரு. நீங்க வந்து சொல்லுங்க" என்று ஒருநாள் முறையிட்டேன். "லயத்துல இப்ப யாரும் இல்லம்மா. நீங்க வந்தா நமக்கு எந்தக் காம்பரா வேணுன்னாலும் எடுத்துக்கலாம்" என்று ஆசை காட்டினேன். வகுப்பில் டீச்சர் என்னை ஏறிட்டுப் பார்க்காத நாட்கள் இருந்தன. வீட்டில் அப்பா சோற்றைப் பார்த்தபடியே சாப்பிடுவார். அந்தச் சிவப்புப் புள்ளி மட்டும் நான் வந்தால் தவறாமல் கண் திறந்தது.

கொஞ்ச மாதம் போனதும் ட்ரஸ்டுக்கும் ரோட்டோரத்துச் சனங்களுக்கும் ஒரு மனத்தாங்கல் வந்தது. கீழே போன பிறகும் அவர்கள் விறகுக்கும் மாட்டுக்குப் புல் அறுக்கவும் ஓடைப் பக்கந்தான் வந்தார்கள். நட்ட கன்றுகள் மிதிபட்டன. ஓடையோரத்தை மட்டும் விட்டுவிட்டு மேல் ரோட்டுப் பக்கம் விறகு எடுத்துக்கொள்ளும்படி ட்ரஸ்ட் கேட்டது. அங்கே மிருகம் எதுவும் வருவதில்லை, இவர்கள் சும்மா சொல்கிறார்கள் என்பது சனங்களின் கட்சி. அப்பா நடுவில் மாட்டிக்கொண்டார். மாடு வைத்திருந்த ஒரு பெரியப்பா ரோட்டில் வைத்தே அவரிடம், "மிருகத்துக்கு வழி விடச் சொல்றியே, நாங்க எந்த வழியில போறது? நீ நம்ம ஆளா, அவுங்க ஆளா?" என்று கேட்டார். சனங்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் ட்ரஸ்ட் கம்பி வேலி போட்டுவிடும், தனக்கு ஊர் முகத்தில் முழிக்க முடியாமல் போகும் என்று அவருக்குப் பயம்.

அதனால்தான் மிஸ் படக்காட்சி வைத்தார். ஒரு சனிக்கிழமை மத்தியானம் மாரியம்மன் கோயில் மண்டபத்தில் ஜன்னல்களுக்குப் படங்குகளைத் தொங்கவிட்டு இருட்டாக்கினார்கள். சுவரில் வெள்ளை வேட்டி கட்டினார்கள். படங்களைக் கோத்துக் கொண்டுவந்தவர் ஒபிஸுக்குப் புதிதாக வந்திருந்த ஓர் ஆள். எங்களில் யாரையும் அவர் அறியார். சனங்கள் தங்கள் முகத்தைத் திரையில் பார்த்தால் சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்து, கமராவில் மனிதர்கள் விழுந்து, ஒபிஸில் யாரும் பார்க்காமல் ஒதுக்கியிருந்த படங்களையும் சேர்த்துவிட்டாராம். தேத்தண்ணியும் தின்னப் பணிசும் உண்டு என்று சொல்லியிருந்ததால் ஊரே வந்திருந்தது. எனக்கோ பணிசில்கூட மனம் இல்லை. அம்மா பார்த்த படங்களை நானும் பார்க்கப் போகிறேன் என்ற நினைப்பில் முன்வரிசையில் சித்தியின் மடியோரம் உட்கார்ந்திருந்தேன். சித்தி அம்மாவின் தங்கை. புது வீடுகளில் எங்கள் பூட்டிய வீட்டுக்குப் பக்கத்து வீடு அவருடையது.

முதலில் ஒரு சருகுமான் வந்தது. பிறகு முட்களைச் சிலிர்த்துக்கொண்டு ஒரு முள்ளம்பன்றி. உடம்பெல்லாம் செதிலாக ஓர் அழுங்கு வந்தபோது, அதைச் சின்ன வயதில் பார்த்ததோடு சரி என்று யாரோ சொன்னார்கள். அதன் பிறகு, உடம்பெல்லாம் புள்ளி போட்ட ஒரு பெரிய பூனை தன் இரண்டு குட்டிகளோடு ஓடையில் முன்னங்காலை வைத்துத் தண்ணீருக்குள் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது. மீன் பிடித்துத் தின்னும் பூனை என்றார் மிஸ்.

"நாம கொடம் வச்சுத் தண்ணி புடிச்ச கல்லுலதானே நிக்கிது" என்று பின்னாலிருந்து ஒரு பெண்குரல் மெதுவாகச் சொன்னது.

அடுத்த படம் நான்.

மண்டபமே சிரித்தது. "இது என்னா மிருகம் மிஸ்?" என்று மாட்டுக்காரப் பெரியப்பா கேட்டார். அப்பாகூடச் சிரித்தார். பின்னலைக் காட்டியபடி மறுபடியும் நான். சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. கையில் பல்லோடு நான். சப்பாத்துக் காலைத் தூக்கியபடி நான். முக்காட்டை விலக்கி நனைந்துகொண்டு நான். வாய் திறந்து எதையோ சொல்லிக்கொண்டிருக்கும் நான். அதற்குள் யாரும் சிரிக்கவில்லை. ஏன் நிறுத்திவிட்டார்கள் என்று நான் திரும்பிப் பார்த்தேன்.

மிஸ் என் முன்னால் வந்து குந்தினார். "என்னத்துக்கு மகள் அங்க போய்ப் போய் நின்னீங்க?"

"அம்மாவுக்குக் காட்டத்தான்."

"அம்மா எங்க?"

"வெளிநாட்டுல. நீங்கதானே சொன்னீங்க, படமெல்லாம் வெளிநாட்டுக்குப் போகும்னு."

மிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "அந்தப் படத்தப் பாக்கிறவங்க மிருகங்கள எண்ணுறவங்க மட்டுந்தான் மகள்" என்றார்.

"அப்ப என்னையும் எண்ணுனாங்களா?"

"எண்ணினாங்க" என்றார் மிஸ். எழுந்து அப்பாவைத் தேடினார். "அண்ணே, நம்பர் இருந்தாத் தாங்க. என்ட போன்ல இப்பவே எடுத்துக் குடுக்கிறேன். முகம் பாத்தே பேசலாம்."

"நம்பர் மாறிருச்சு மிஸ்" என்றார் அப்பா. எதையும் யோசித்து நிதானமாகச் சொல்பவர், அதை மட்டும் கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டார். சித்தி குனிந்து தன் சேலை ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார்.

சங்கடத்தைக் கடத்திவிட நினைத்து ஒபிஸ்காரர் அவசரமாக அடுத்த படத்தைப் போட்டார். ஒரு பெண். பகல் வெளிச்சம். நீளச் சட்டையும் காற்சட்டையும் போட்டு, குடையைத் தாழ்த்திப் பிடித்தபடி ஓடைப் பாதையில் ஏறி வருகிறார். கையில் நிறைந்த ஒரு பை. அடுத்ததில் அதே பெண் கொய்யா மரத்தடியில் முதுகைக் காட்டிக்கொண்டு லயத்துப் பக்கம் பார்த்து நிற்கிறார். மூன்றாவதில் திரும்பிப் போகிறார். குடைக்குக் கீழே தாடையும் கழுத்தும் மட்டும் தெரிந்தன. பை அப்படியே கையில் இருந்தது.

"இது யாரு, தோட்டத்து ஆளா?" என்று மிஸ் கேட்டார்.

ஊரே இருந்த அந்த மண்டபத்தில் ஒருவரும் பதில் சொல்லவில்லை. சித்தியின் கை என் தோளில் விழுந்து இறுகியது. "யாரோ வழி தவறி வந்தவங்க" என்று அப்பா எழுந்து நின்று சொன்னார். பிறகு ஜன்னல் படங்கு ஒன்றை விலக்கிக்கொண்டு, அங்கே வாசல் இல்லை என்று கண்டு, சுற்றிப் போய்க் கதவு வழியாக வெளியேறினார்.

அன்றைக்கு யாருக்கும் வாதாட மனம் வரவில்லை. மேல் ரோட்டுப் பக்கமே விறகு எடுப்பதாகப் பெரியப்பாவே முதலில் சொன்னார். அடுத்த மாதம் நாங்களும் சித்தி வீட்டுக்குப் பக்கத்தில் குடிவந்தோம். அப்பா காலையில் மலைக்கு ஏறிப்போய் இருட்டுமுன் திரும்பினார். இப்போது ஆறாம் நம்பரில் தேயிலை இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். லயத்துக் கூரைக்கு மேலே மரங்கள் மூடிக்கொண்டுவிட்டன.

நான் படித்து முடித்து கண்டியில் வேலைக்குச் சேர்ந்த வருடம், சித்தி ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார். அம்மா குவைத்துக்குப் போன இரண்டாம் வருடமே ஊருக்குத் திரும்பிவிட்டாளாம். குருநாகல் பக்கம் வேறொருவரோடு குடித்தனம். அப்பாவுக்கு அது தெரியும். ஆனால் ஓடை வழியாக அவள் ஏறி வந்து நின்றுவிட்டுப் போனது மட்டும், அந்த வேட்டித் திரையில் பார்க்கும்வரை தெரியாது. ரோட்டு வழியாக வந்தால் வீட்டுக்கு வீடு பார்ப்பார்கள் என்று குறுக்குப் பாதையில் வந்திருக்க வேண்டும். படத்தில் இருந்த திகதிப்படி அன்று பள்ளிக்கூட நாள். நான் இருக்க மாட்டேன் என்று தெரிந்து வந்தாளா, தெரியாமல் வந்தாளா என்று சித்திக்கும் தெரியவில்லை.

திரையில் அந்த மூன்று படங்களும் வந்துபோன நேரத்துக்குள் மண்டபத்தில் இருந்த பெரியவர்கள் எல்லாரும் அவளை அடையாளம் கண்டுகொண்டார்கள். நான் மட்டும், யாரோ ஒரு பெண்ணுக்கு எதற்கு இத்தனை படம் என்ற எரிச்சலோடு, அடுத்ததாவது என்னுடையதாக இருக்காதா என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.