வேகம் கேட்டு எழுதிய மனு

அண்ணன் மகன் சென்னையிலிருந்து செல்போனில் ஒரு படம் அனுப்பியிருந்தான். வெளிநாட்டில் எங்கோ புல்லட் ரயில் பறக்கிறது. ஜன்னல் ஓரம் செங்குத்தாக நிறுத்திய காசு சாயவே இல்லை. 'நம்ம நாட்டுக்கும் வருது சித்தப்பா' என்று கீழே எழுதியிருந்தான். வரட்டும், வரட்டும். எனக்கு மீசை முளைத்த நாளிலிருந்து அது வந்துகொண்டேதான் இருக்கிறது.

அந்தக் காசைப் பார்த்ததும் எனக்குக் கத்தரிக்காய் வாசனை அடித்தது. சிரிக்காதீர்கள். எண்பதுகளில் நான் அருப்புக்கோட்டைப் பஞ்சுக் கடைக்கு வேலைக்குப் போன பாசஞ்சரில், ஈரம் காயாத கத்தரிக்காய்க் கூடைகளோடு மதினியும், அதான் இவன் அம்மாவும், வருவார். கூடையைக் கண்டாலே பஸ் கண்டக்டர் விசில் ஊதிவிடுவார். ரயில்தான் எங்கள் ஊர் பிளாட்பாரத்தில் (பிளாட்பாரமாவது, வெறும் மண் திட்டு) கூடை ஏறும்வரை பொறுத்து நிற்கும்.

அந்தப் பொறுமைதான் எனக்கு ஆகவில்லை. ஜப்பான் ரயிலில் டீ தளும்பாது என்று எதிலோ படித்திருந்தேன். அரைகுறைப் படிப்பு யாரை விட்டது? திருச்சுழிப் பக்கம் மாட்டு வண்டியே ரயிலை முந்துகிறது, வேகம் வேண்டும் என்று நாலு பக்கம் மனு எழுதினேன். ஜப்பானையும் விட்டுவைக்கவில்லை. ஊரே கையெழுத்துப் போட்டது. மதினி மட்டும் மை தடவிய கட்டைவிரலோடு யோசித்தார்.

"வேகமாப் போற ரயிலு எங்கூடைய ஏத்த நிக்குமா கொழுந்தனாரே?"

"பட்டிக்காடாட்டம் பேசாதீக மதினி. வைங்க விரல."

வைத்தார்.

மனு பலித்தது, அதையும் சொல்லவேண்டும். மறுவருஷம் ஸ்டேஷனில் தாள் ஒட்டினார்கள். வேகத்தைக் கூட்டுவதற்காகச் சின்ன ஊர்களில் இனி நிற்காதாம். முதல் பெயரே எங்கள் ஊர்தான். அதனால் மிச்சமான நேரத்தில் ஒரு வெற்றிலை போட்டுத் துப்பலாம்.

மதினியிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மறுநாள் காலையில் வழக்கம்போலக் கூடைகளோடு வந்து நின்றார். நான் வேலியோரம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கோழைப்பயலாக நின்றேன். ரயில் வந்தது, ஊதியது, போயே போய்விட்டது. மதினி முந்தானையால் முகத்துப் புழுதியைத் துடைத்தார்.

"நல்லாத்தான் பறக்குது கொழுந்தனாரே."

செருப்பால் அடித்திருந்தால்கூடத் தேவலை.

அடுத்த வருஷம் அண்ணன் கத்தரி போடவில்லை. தோட்டம் பூராவும் சீமைக்கருவேல் மண்டியது. மதினியும் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது அகலப் பாதை போட்டு ரயில் நிஜமாகவே விரைகிறது. திட்டைத் தோண்டி எடுத்துவிட்டார்கள், ஊர்ப் பெயர்ப்பலகையும் போயிற்று.

அண்ணன் மகனுக்கு ஒரே வரி பதில் போட்டேன்: 'நம்ம ஊர்ல நிக்குமாலே?'

நான் மனு எழுதிய காலத்தில் அவன் கைக்குழந்தை. உடனே திருப்பிக் கேட்டான்.

'நம்ம ஊர்ல எப்ப சித்தப்பா ரயிலு நின்னுச்சு?'