மடிக்காத விரிப்பு

விடுதியின் சலவை அறையில் அண்ணி விரிப்பு மடிப்பாள், நாத்தனார் இஸ்திரி போடுவாள். நாற்பது வயதில் அண்ணி பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் படித்தாள்.

“இரண்டோட அடுக்கு மூணுன்னா எட்டு, சரி. அடுக்கு பூஜ்யம்னா ஒண்ணாம்! சும்மா கதை விடுறாங்க. பூஜ்யம்தானே வரணும்?”

நாத்தனாருக்குக் கணக்கு என்றாலே காத தூரம்.

“அந்த விரிப்பைக் கோணலா மடிச்சிருக்கீங்க அண்ணி.”

அண்ணி எரிச்சலோடு அதைப் பிரித்தாள். மூன்று மடிப்பில் ஒன்றின்மேல் ஒன்றாக எட்டாக இருந்த துணி, ஒரு மடிப்பு போனதும் நாலாயிற்று, அடுத்ததில் இரண்டாயிற்று. கடைசி மடிப்பும் போனதும் ஒன்றாகக் கையில் தொங்கியது.

“மடிப்பு பூஜ்யம்! ஆனா துணி ஒண்ணு இருக்கே!”

“பின்ன, காத்துல கரைஞ்சிடுமா?”

தேர்வு முடிவு வந்தபோது கணக்கில்தான் அண்ணிக்கு அதிக மதிப்பெண். “நான்தான் சொல்லிக்குடுத்தேன்” என்று நாத்தனார் பார்ப்பவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டாள்.