பதினோரு மில்லிகிராம்

ஆராய்ச்சிக் கூடத்தில் குடுவை கழுவுவது என் வேலை. பதினாலு வருஷமாகிறது. குடுவையைப் பார்த்தே ஆளின் குணத்தைச் சொல்லிவிடுவேன். எனக்குப் பிடிபடாத ஒரே ஆள் சர்க்கரை சார்.

ஏதோ ஒரு கிருமியின் மேல்தோலில் சர்க்கரைச் சங்கிலி இருக்குமாம். கிருமியே இல்லாமல், அதில் ஒரு துண்டை மட்டும் இவர் செய்வார். அதைப் புரதத்தில் ஒட்டி முயலுக்கு ஊசி போடுவார்கள். நிஜக் கிருமிதான் வந்துவிட்டது என்று முயலின் உடம்பு நம்பிச் சண்டைக்குத் தயாரானால், தடுப்பூசிக்கு வழி பிறக்கும். நம்பாவிட்டால் இவர் பிரிவையே மூடிவிடுவதாக மேலிடம் சொல்லியிருந்தது. நாலு சர்க்கரையைக் கோக்க ரெண்டு வருஷம்! அதற்குள் என் மகள் ரெண்டு பிள்ளை பெற்றுவிட்டாள்.

கடைசியில் தேறியது பதினோரு மில்லிகிராம். கண்ணுக்கே தெரியாத படலமாக அது குடுவையில் காய்ந்து ஒட்டியிருந்தது. அந்தக் குடுவையை என் கழுவுமேடையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார் மகராசன். மேலே ஒரு எழுத்துகூட எழுதவில்லை. காலி என்று நினைத்து, வழக்கம்போல முதலில் பிசுக்கைக் கரைக்கும் அசிட்டோனை ஊற்றிக் குலுக்கிக் கொட்டினேன். ரெண்டு தடவை. அடுத்து சோப்புத் தண்ணீரில் முக்கப் போகும்போது வாசலில் அவர்.

"அக்கா... அது என்னோடது."

தப்புச் செய்தவளுக்கு வாய் நீளம்தானே? "பேரெழுதாத குடுவையைக் கழுவிடுங்கன்னு நோட்டீஸ் ஒட்டினது யாரு? நீங்கதானே சார்? படிச்சவங்க பண்ற காரியமா இது?" என்று பொரிந்து தள்ளினேன்.

மனுஷன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அதைப் பார்த்ததும்தான் குடுவையில் இருந்தது என்னவென்று எனக்குப் புரிந்தது. ரெண்டு வருஷ உழைப்பை ரெண்டே குலுக்கலில் கொட்டிவிட்டேனே பாவி!

திடீரென்று தலையை நிமிர்த்தினார்.

"தண்ணி பட்டுச்சா?"

"இல்ல சார். அசிட்டோன் மட்டும்தான்."

"அடச்சே! பயத்துல புத்தியே வேலை செய்யலக்கா. இது அசிட்டோன்ல கரையாது!"

குடுவையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். எடை போட்டால் பத்து மில்லிகிராம். காணாமல் போன ஒரு மில்லிகிராம், மூன்று வாரமாக இவரை விட்டுப் போகாமல் அடம்பிடித்த அழுக்காம்! மறுநாள் நோட்டோடு வந்து நின்றார்.

"எவ்வளவு ஊத்துனீங்கக்கா?"

"கைக்கு வந்த அளவு."

"அப்படியெல்லாம் செய்முறையில எழுத முடியாதுக்கா."

வேறொரு குடுவையில் என்னை ஊற்றச் சொல்லி, அளந்து எழுதிக்கொண்டு போனார்.

மூன்று மாதம் போனது. ஊசி போட்ட முயலின் ரத்தத்தை நிஜக் கிருமியோடு கலந்து பார்க்கும் நாள். அன்று கழுவின குடுவையையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன். மத்தியானம், யாரிடமும் குரல் உயர்த்தாத அந்த மனுஷன் நடைபாதை முழுக்கக் கத்திக்கொண்டு ஓடிவந்தார்.

"அக்கா! முயல் ஏமாந்துடுச்சுக்கா!"

ஒரு முயலை ஏமாற்றியதற்காக இவ்வளவு சந்தோஷப்பட்ட மனுஷனை நான் பார்த்ததே இல்லை. சோப்புக் கையோடு கண்ணைத் துடைத்துக்கொண்டேன். எரிந்து தொலைத்தது, அழுகைக்கு அது ஒரு சாக்காகவும் ஆயிற்று.