ஓடினால் குதிரை, இருந்தால் கதிரை

டிக்... டிக்... டிக்...

அப்பா மிதிப்பதை நிறுத்தினால் சைக்கிளின் பின்சக்கரம் அப்படித்தான் சொல்லும். குளக்கட்டில் பாதை வளையும் முடக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். சின்னவளாக முன் பாரில் தூங்கி வழிந்துகொண்டிருக்கும் நான் அந்தச் சத்தத்துக்குக் கண் விழிப்பேன்.

அப்பா இறங்குவார். டிக் டிக்கும் நின்றுவிடும். பிறகு காடு மட்டும்தான்.

எங்கள் பக்கத்தில் ஒருவரும் அந்த முடக்கை நேரே கடப்பதில்லை. நின்று, மூச்சை அடக்கிக் கேட்க வேண்டும். கொப்பு முறிகிறதா, காது விசிறுகிறதா... கேட்டால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். யானை என்று வாய்விட்டுச் சொல்லவும் கூடாது.

"பெரியவர் நிக்கிறார்" என்பார் அப்பா, சாமிக்கு முன்னால் பேசுவது போல.

அப்போது எனக்குப் பயமே வந்ததில்லை. அப்பாவின் காது இருக்கிறதே.

இரண்டு வருடம் முந்தி, எட்டாம் வகுப்போடு எங்கள் குடியேற்றப் பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. மேலே படிக்கப் பரந்தனுக்குப் போக வேண்டும். பஸ் எங்கள் ஊருக்குள் வராது. சைக்கிளில் தினமும் போய்வரும் தூரமும் இல்லை. "படிச்சது காணும். இனி வீட்டில நிக்கட்டும்" என்று அம்மா சொல்லத் தொடங்கியிருந்தார்.

அந்த நேரத்தில்தான் கரீம் நானா தன் மோட்டார் சைக்கிளோடு வந்தார். முல்லைத்தீவில் இருந்து வந்து எங்கள் நெல்லை வாங்கிப் போகிறவர். லொறி எடுத்துவிட்டதால் அவருக்கு அது தேவையில்லை. கறுப்பு டாங்கி, வெள்ளிக் கோடு, இரண்டு பக்கமும் புகைக்குழாய், நீளமான மெத்தைச் சீற்.

"ஓடினாக் குதிரை, இருந்தாக் கதிரை, தம்பி!" என்றார் நானா அப்பாவிடம், நாற்காலியில் சாய்வது போலச் சீற்றில் சாய்ந்து காட்டி.

"விழுந்தா?" குசினி அடுப்படியில் இருந்து அம்மாவின் குரல்.

"விழுந்தா நானே வந்து தூக்கிறன், தங்கச்சி."

"தூக்கிறதுக்கு ஆளிருக்கு நானா. விழாமல் இருக்க வழி சொல்லுங்கோ."

நானா சிரித்துவிட்டு அப்பாவிடம் திரும்பினார். "ஒண்டு மட்டும் ஞாபகம் வையுங்க. காட்டுக்குள்ள எஞ்சினை நிப்பாட்டாதீங்க. சூட்டில நிப்பாட்டினா இது உடன எழும்பாது. நாளைக்கு ஒருக்கா ஓடிப் பாருங்க. அடுத்த நாள் வாறன், முடிவைச் சொல்லுங்க."

மறுநாள் அப்பா என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பரந்தன் வரை போனார். போகும்போது முடக்கடியில் ஒரு மாட்டுவண்டிக்குப் பின்னால் மெல்ல ஊர்ந்தோம். திரும்பி வரும்போது பாதையில் எங்களைத் தவிர ஒருவரும் இல்லை.

"பறக்குது பிள்ளை!" அப்பா அப்படிக் கத்திச் சிரித்து நான் கண்டதில்லை.

எனக்குக் காற்றும் எஞ்சின் சத்தமும் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. அப்போதுதான் உறைத்தது... அப்பாவுக்கும் கேட்காது.

முடக்கு வந்தது. நானா சொன்னதெல்லாம் மறந்துபோய், பழகிய கை எஞ்சினை நிறுத்திவிட்டது. சைக்கிளில் இறங்குவது போலவே அப்பா காலை ஊன்றி நின்றார்.

அந்த அமைதியில் கேட்டது. காது விசிறும் சத்தம். மிகக் கிட்டத்தில்.

பாலை மரத்தடியில் பெரியவர் நின்றார்.

அப்பா ஒருதரம் உதைத்தார். எஞ்சின் இருமிவிட்டு அடங்கியது. பெரியவரின் காது விசிறுவது நின்றது. அப்பா மறுபடி உதைக்கவில்லை.

"அசையாதை, பிள்ளை."

நடுங்கிய என் கால் புகைக்குழாயில் பட்டது. சதை பொசுங்கியது எனக்கே தெரிந்தது. அப்பாவின் சேட்டின் முதுகுப் பக்கத்தைப் பல்லால் கவ்விக்கொண்டேன். வியர்வையும் பெற்றோலும் கலந்த வாசம்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. பெரியவர் மண்ணை அள்ளி முதுகில் போட்டுக்கொண்டு காட்டுக்குள் இறங்கினார். நாங்கள் சத்தமில்லாமல் உருட்டிக்கொண்டே முடக்கைத் தாண்டினோம்.

வீட்டுக்கு வந்து அப்பா தேத்தண்ணியைத் தொடவில்லை. என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"உண்மையைச் சொல்லு. பயந்தனியோ? பயந்தனி எண்டால் நாளைக்கே நானாட்டைத் திருப்பிக் குடுத்திடுவன்."

திருப்பிக் கொடுத்தால் பரந்தனும் போய்விடும். பாவாடையைக் காலுக்குக் கீழே இழுத்துவிட்டேன்.

"சீற் நல்ல மெத்தை மாதிரி இருக்கு, அப்பா."

அப்பா தேத்தண்ணியை எடுத்து ஒரு மிடறு குடித்தார். பிறகு மெல்லச் சிரித்தார்.

"அப்ப கதிரை சரி. குதிரையை நான் பழக்கிறன்."

அப்படித்தான் அந்த மோட்டார் சைக்கிள் எங்கள் வீட்டில் நின்றது. பள்ளிக்கூட வாசலில் நான் இறங்கும்போது "ராணி வாறா" என்று என் வகுப்புக்காரர் நீங்கள் எல்லாரும் கத்துகிறீர்கள். ராணியின் காலில் புளியங்கொட்டை அளவில் ஒரு தழும்பு இருப்பது உங்களுக்குத் தெரியாது. வீட்டிலும் சொல்லிவிடாதீர்கள்.

இப்போது அப்பா முடக்குக்கு நன்றாக முன்னாலேயே, குளக்கட்டு இறக்கத்தில் நிறுத்துகிறார். அங்கே என்றால் உதைக்கத் தேவையில்லை, உருட்டியே எழுப்பலாம். ஆனால் இத்தனை தூரம் எஞ்சினோடு ஓடிய காது உடனே தெளிவதில்லை. "கேக்குதே பிள்ளை?" என்று என்னைக் கேட்கிறார். எனக்கும் இரைச்சல்தான். அதனால் நான் மூக்கால் பார்க்கிறேன். ஈரச் சாணி வாசம் வந்தால் அவர் முதுகில் தட்டுவேன். அன்றைக்கு அவர் காதை நம்பி நான் தூங்கினேன். இன்றைக்கு என் மூக்கை நம்பி அவர் ஓடுகிறார்.

இதை எழுதும்போது அப்பா வீட்டில் இல்லை. நெல்லுக் குற்ற மில்லுக்குப் போனவர். இருட்டிவிட்டது. தூரத்தில் எஞ்சின் சத்தம் கேட்டது... குளக்கட்டடியில் நின்றுவிட்டது.

குசினியில் அம்மாவின் அகப்பையும் நின்றுவிட்டது.

பின்சீற்றில் இன்றைக்கு நான் இல்லை. யார் மூக்கால் பார்ப்பது?

...

எழும்பிவிட்டது. இறக்கத்தில் உருண்டு, இருமி, எழும்பிவிட்டது.

"கொப்பர் வாறார். விளக்கை நூத்துப்போட்டுப் படு" என்கிறார் அம்மா. அகப்பை மறுபடி சட்டியில் உரசுகிறது.

நாளைக் காலையும் அப்பா கேட்பார், "ஏறு பிள்ளை. பயமில்லைத்தானே?" என்று.

நான் சீற்றைக் கையால் தட்டிப் பார்ப்பேன். "மெத்தை மாதிரி இருக்கு, அப்பா" என்று சொல்லி ஏறுவேன்.